சாரம் சரிந்த இடம்

"சார், எங்கப்பா வீட்டுல கிடக்கிறாரு. கொஞ்சம் சீக்கிரம் பார்த்து விடுங்க."

வானொலிக் காப்பக அலுவலர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"காலையில போயிட்டாரு."

அலுவலரின் முகம் மாறியது. உடனே சுதாரித்துக்கொண்டார். "இறப்புச் சான்றிதழுக்கு அடுத்த கட்டடத்துக்குப் போகணும்மா. இங்க பழைய ஒலிப்பதிவுங்கதான் இருக்கு."

"அதுக்குத்தான் சார் வந்தேன்."

வெளியே ஆட்டோ நிற்கிறது. பையில் கைப்பேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. சித்தப்பாவாகத்தான் இருக்கும். சவ வண்டிக்காரன் வந்துவிட்டானாம், அடுத்த சவாரி இருக்கிறதாம். சாவுக்கும் சவாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இவள் ஒரு மேசைக்கு முன்னால் நிற்கிறாள். சொல்ல வந்ததைச் சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று பயமாக இருந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்பா கொத்தனார். நகர மண்டபத்துக்குப் பூச்சு வேலை பார்த்தபோது மேலாளர் இரண்டு நுழைவுச் சீட்டு கொடுத்தார். பெரிய கவிஞர் ஒருவர் அங்கே வாசிக்க வருகிறார் என்றார். அம்மாவுக்குக் கவிதை என்றால் உயிர். அப்பாவுக்குக் கவிதை என்றால் தூக்கம். போய் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். கவிஞர் கனத்த குரலில் வாசித்தார்: "என் வாழ்வின் சாரம் சரிந்து விழுந்தது." அப்பாவுக்குத் தெரிந்த சாரம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். மூங்கில் நட்டு, பலகை போட்டு, மேலே ஏறி நின்று பூசுகிற சாரம். அது சரிந்தால் முதலில் எதைக் கேட்க வேண்டுமோ அதை, தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து மண்டபமே அதிரக் கேட்டார்:

"ஐயோ! கீழ யாராவது நின்னாங்களா?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அம்மா வெட்கம் தாங்காமல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அதற்கப்புறம் எந்த வீட்டில் நாலு பேர் சேர்ந்தாலும் இந்தக் கதைதான். அப்பாவே நடித்துக் காட்டுவார். பிறகு தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள், குரலும் அதோடு போயிற்று. ஊரெல்லாம் கைப்பேசியில் எதையெதையோ பதிவு செய்துகொண்டு திரிந்த காலத்தில், அப்பாவிடம் பதிவு செய்ய ஒன்றும் இல்லை.

காலையிலிருந்து அம்மா அழவில்லை. தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தூக்க வந்தவர்களிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அன்னைக்கு வானொலிக்காரங்க பதிவு பண்ணினாங்க. அந்தக் குரல நான் ஒரு தடவ கேக்கணும். கேக்காம இவர எடுக்க விடமாட்டேன்." அம்மா பிடித்தால் உடும்புப்பிடி.

அலுவலர் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு கணினியில் தேடினார்.

"இருக்கு. வெளிய கொண்டுபோகணும்னா இயக்குநர் அனுமதி வேணும். அவர் ஊர்ல இல்ல. இங்கயே கேக்கறதுன்னா கேளுங்க."

"போடுங்க சார்."

"நல்ல வேளை, பிழைச்ச பதிவு இது" என்றார் பெருமையாக. "ஒரே இரைச்சல். இருமல், நாற்காலி சத்தம், எவனோ நடுவுல கத்தறான். எல்லாத்தையும் நான்தான் உக்காந்து சுத்தம் பண்ணேன். இப்ப கவிஞர் குரலத் தவிர ஒரு ஈ பறக்கற சத்தம்கூட இருக்காது."

அவள் அவர் நீட்டிய செவிப்பொறியைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

கவிஞரின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. வரி வரியாக நகர்ந்து வந்தது. "என் வாழ்வின் சாரம் சரிந்து விழுந்தது." அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒன்றும் இல்லை. துடைத்துப் போட்ட மௌனம். பிறகு கவிஞர் நிதானமாகச் சொன்னார்: "யாரும் இல்லை. நான் ஒருவன்தான் நின்றிருந்தேன்."

அவள் செவிப்பொறியைக் கழற்றினாள்.

"சார், எங்கப்பா குரல் எங்க?"

அலுவலர் புரியாமல் விழித்தார்.

"எவனோ கத்தறான்னீங்களே, அந்த எவன் எங்கப்பா."

"ஐயையோ." அவர் எழுந்தேவிட்டார். "அந்த இடத்துல சத்தத்த மட்டும்தாம்மா எடுத்தேன். நேரத்த வெட்டல. கவிஞர் வேணும்னே விட்ட மௌனம்னு நெனச்சேன். அடுத்து அவர் சொல்றாரே, அது கவிதையோட வரின்னு... ஒரு பொண்ணு இந்த வரிய வெச்சு ஆராய்ச்சியே பண்ணியிருக்கும்மா."

"அது வரியில்ல சார், பதில்."

அலுவலர் மெதுவாக உட்கார்ந்தார்.

"மூல நாடா?" என்றாள் அவள்.

"பூஞ்சை பிடிச்சிருச்சு. சுத்தம் பண்ணின கையோட கழிச்சுட்டோம்."

அவரைத் திட்ட வாயெடுத்தாள். திட்டி என்ன ஆகப்போகிறது? கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. எடுத்தாள்.

"ஏம்மா, இருக்கா இல்லையா?" சித்தப்பாவின் குரலில் எண்ணெயில் போட்ட கடுகு வெடித்தது. "உங்கம்மா கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்காங்க. வண்டிக்காரன் கிளம்பறேங்கறான்."

"குரல அழிச்சிட்டாங்க சித்தப்பா."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. அண்ணன் குரலும் என் குரலும் ஒண்ணுதான். ஃபோன்ல எத்தன பேரு ஏமாந்திருக்காங்க. மொட்டமாடிக்குப் போயி நானே அதச் சொல்லிப் பதிவு பண்ணி அனுப்பறேன். கேட்டுட்டு அண்ணி சும்மா இருந்துருவாங்க. யாருக்கு நஷ்டம்?"

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அலுவலர் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, மேசைமேல் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டார். "வெளிய கொண்டுபோகக் குடுக்க எனக்கு உரிமை இல்ல" என்றார். "நான் கை கழுவிட்டு வர்றேன். உங்க ஃபோன் கையிலதான இருக்கு." கதவு வரை போனவர், திரும்பி அவளைப் பார்க்காமலே சொன்னார்: "மன்னிச்சுக்கம்மா." அவள் கைப்பேசியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொண்டாள்.

ஆட்டோவில் வரும் வழியில் சித்தப்பாவின் பதிவு வந்து விழுந்தது. காதில் வைத்துக் கேட்டாள். "ஐயோ! கீழ யாராவது நின்னாங்களா?" உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்பாவேதான். அப்படியே அச்சு. அவள் அழுதாள், அழுதுகொண்டே கோபப்பட்டாள். எந்தக் கோபம் யார்மேல் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, தெரு வந்துவிட்டது.

வாசலில் வண்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. கூடத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். குளிர்ப்பெட்டிக்குத் தலைமாட்டில் அம்மா நிமிர்ந்தாள்.

"கிடைச்சுதா?"

எதிர்ச் சுவரோரம் சித்தப்பா கண்ணைக் காட்டினார். போடு, போட்டுவிடு. திரையில் இரண்டு பதிவுகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. கட்டைவிரல் மேலே இருந்த சித்தப்பாவின் பதிவின்மேல் நின்றது. ஒரு தட்டு போதும். அம்மா நிம்மதியாக அழுதுவிடுவாள், எல்லோரும் வீடு போய்ச் சேரலாம்.

அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முடியவில்லை.

"அப்பா குரல அழிச்சிட்டாங்கம்மா. கவிஞர் குரல் மட்டும்தான் இருக்கு."

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். அம்மா அசையவில்லை.

"அதப் போடு."

கவிஞர் வாசித்தார். கூடம் முழுக்க அந்தக் கனத்த குரல் நிறைந்தது. சாரம் சரிந்து விழுந்தது. மௌனம். "யாரும் இல்லை. நான் ஒருவன்தான் நின்றிருந்தேன்."

"இது என்ன?" என்றாள் அம்மா.

"அப்பாவுக்குப் பதில் சொல்லியிருக்காரும்மா. நீங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள வெளிய வந்துட்டீங்க."

அம்மா பெட்டியைப் பார்த்தாள். "படியில இறங்கறப்ப கேட்டுக்கிட்டே வந்தாரு. 'அந்தாளு என்னமோ சொன்னாருடி, என்னன்னு கேட்டியா?'ன்னு. நான்தான், 'மானத்த வாங்கினது போதும், வாய மூடிக்கிட்டு வாங்க'ன்னேன்." கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாய மூடிக்கிட்டு வாங்கன்னேன்டி."

அவள் அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

"இன்னொரு தடவ போடு. பெட்டிமேல வெச்சுப் போடு."

கைப்பேசியைக் கண்ணாடியின்மேல் அப்பாவின் காதுக்கு நேராக வைத்தாள். கவிஞர் மறுபடி வாசித்தார். என் வாழ்வின் சாரம் சரிந்து விழுந்தது.

மௌனம் தொடங்கியது. அம்மா குனிந்தாள்.

"ஐயோ, கீழ யாராவது நின்னாங்களா?"

"யாரும் இல்லை. நான் ஒருவன்தான் நின்றிருந்தேன்."

கவிதை மேலே ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து, தூக்குபவர்களுக்கு இடைஞ்சலாக இல்லாமல் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டாள்.