பி.பி. நம்பருக்கு வந்த போன்

பக்கத்து வீட்டு போன் நம்பரைக் கொடுத்து, ஓரத்துல "பி.பி."னு ரெண்டெழுத்து போட்டிருக்கீங்களா எப்பவாச்சும்? தொண்ணூத்திரண்டுல முடிச்சூர்ல ஜெயக்கொடி அப்படித்தான் கொடுத்துட்டு வந்தா. அவங்க தெருவுக்கே ஒரே போன், பட்டு மாமி வீட்ல. டயலுக்கு ஒரு குட்டிப் பூட்டு வேற.

ஜெயக்கொடி எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சவ. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல படம் எடுத்து ஆராய்ச்சி பண்ணணும், அதுல பி.எச்டி. வாங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. அவ ஏறாத டிபார்ட்மென்ட் படி இல்ல. ஒரு இடத்துல "ஸ்காலருங்க ஃபுல்லும்மா"ன்னாங்க. இன்னொருத்தர் மூஞ்சியப் பாத்தே கேட்டாரு: "கல்யாணம் ஆனா நடுவுல வுட்டுட்டுப் போயிடுவியே?"

அவ அப்பா தசரதன் கோவக்காரர் இல்ல. ஆனா கெடு வெச்சுட்டாரு. "ஆடி முடியறவரைக்கும் தேடிக்கோ கண்ணு. ஆவணி பொறந்தா கீழ்க்கட்டளை மாப்ள வூட்டுக்கு சரின்னுடுவேன்."

கடைசியா சரோஜினினு ஒரு புரொபசர் மட்டும், "ஒரு இடம் வரும்போல இருக்கு, வந்தா போன் பண்றோம்"னாங்க.

ஆடிக் கடைசியில ஒரு மத்தியானம் போன் அடிச்சுது. மாமி எடுத்தாங்க. அந்தப் பக்கம் லேப் அசிஸ்டென்ட்.

"ஜெயக்கொடிய கூப்டுங்கம்மா. மேடம் இமேஜிங்குக்குப் பொண்ணு எடுக்கறாங்க."

"என்னது அது?"

"படம் எடுக்கறதும்மா. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது பாருங்க, நாங்க உள்ள இருக்கறதெல்லாம் பெருசு பெருசா எடுப்போம்."

மாமிக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. "கர்மம்! அது மானஸ்தா குடும்பம். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுத்து. இனிமே இங்க போன் பண்ணினே, போலீஸ்ல சொல்லிடுவேன்!"

டொக்குனு வெச்சுட்டாங்க.

சாயங்காலம் ஜெயக்கொடி வீட்டுக்கே வந்து, அவளைத் தனியா இழுத்துக்கிட்டுப் போயி காதுல சொன்னாங்க. "பயப்படாதேடி. உள்ள இருக்கறதெல்லாம் படம் எடுக்கணும், உன்னைக் கூப்டுன்னு எவனோ கடன்காரன் போன் பண்ணினான். உனக்கு நிச்சயமாயிடுத்துன்னு சொல்லி நன்னா குடுத்துட்டேன்."

கேட்டதுமே ஜெயக்கொடிக்குப் புரிஞ்சு போச்சு. "மாமி... அது காலேஜு மாமி."

ரெண்டு பேரும் மாமி வீட்டுக்கு ஓடி, பூட்டைத் திறந்து திரும்பத் திரும்ப டயல் பண்ணாங்க. மணி அடிச்சுது, அடிச்சுகிட்டே இருந்துச்சு. டிபார்ட்மென்ட்ட பூட்டிட்டுப் போயிட்டாங்க.

திட்டணும்னுதான் ஜெயக்கொடி வாயத் தொறந்தா. மாமி இன்னும் நம்பரைச் சுத்திக்கிட்டே இருந்தாங்க. நம்மள காப்பாத்தறதா நெனச்சுத்தானே செஞ்சாங்க, இவங்கள என்னத்த சொல்றது? சாவிய வாங்கி டயலப் பூட்டினா.

விஷயம் கேட்டு தசரதனும் வந்துட்டாரு. அவரு மூஞ்சில லேசா ஒரு சிரிப்பு. "வுடு கண்ணு. பெரியவங்க வாயால நிச்சயம்னு வந்துகீது. வாய் முகூர்த்தம்னு சும்மாவா சொல்றாங்க?"

"என் வாய் முகூர்த்தத்துல கொள்ளிய வெக்க!" மாமி சீறிட்டாங்க. "நான் சொன்னது பொய் தசரதா. பொய்யில போயி முகூர்த்தம் தேடுவியா?"

"இல்ல மாமி, நல்ல வார்த்தையாச்சேன்னு..."

"எது நல்ல வார்த்த? பாவம், குழந்தை வெயில்ல அலைஞ்சு தேடினது. நாளைக்கு நானே இவளோட போறேன். அந்தப் பொம்மனாட்டி கால்ல விழணும்னாலும் விழறேன்."

"கால்லலாம் வேணாம் மாமி"ன்னா ஜெயக்கொடி. அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு அவளுக்கு. "நிச்சயம் ஆவலன்னு மட்டும் சொல்லுங்க."

தசரதன் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. "காலைல ஸ்டேஷன் வரைக்கும் நான் கொண்டாந்து வுடறேன்"ன்னாரு.

மறுநாள் காலைல ரெண்டு பேரும் தாம்பரத்துல ரயில் ஏறிப் போனாங்க. நடந்தத மாமியே சொன்னாங்க. சரோஜினி மேடம் ஜெயக்கொடியச் சேத்துக்கிட்டாங்க.