பின்பக்கத் தகடுகள்

"அம்மா, வீடு நம்மளுதுதானே? அப்போ அதுக்குக் கீழே இருக்கற மண்ணு யாருது?"

ஜோசி ஆறு வயதில் இப்படிக் கேட்டபோது டார்லா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் இரவெல்லாம் படுக்கை விரிப்புகளைத் துவைத்துவிட்டு வந்திருந்தாள்.

"பார்க்குக்காரங்களுது. மாசாமாசம் இடவாடகை குடுக்கறோம்ல?"

"அவங்க மண்ணை எடுத்துக்கிட்டா, வீடு எங்க நிக்கும்?"

"என்னைத் தூங்க விடுடி. மண்ணை யாரு தூக்கிட்டுப் போகப்போறா."

யாரும் தூக்கவில்லை. விற்றார்கள். அடுத்த ஆண்டே, சக்கர வீடுகளை நிறுத்த இடம் வாடகைக்கு விடும் அந்த டிரெய்லர் பார்க்கை எங்கோ தூரத்து நகரத்துக் கம்பெனி ஒன்று வாங்கியது. இடவாடகை ஏறியது. பிறகு பழைய வீடுகளின் கதவுகளில் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. டார்லாவின் கதவில் ஒட்டியது, வீட்டின் அடியைச் சுற்றி மறைக்கும் தகடுகள் உடைந்திருக்கின்றன, வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றது.

காலி செய்து எங்கே போவது? சக்கரத்தில் வந்த வீடுதான், ஆனால் இப்போது இழுத்தால் நடுவில் பிளந்துவிடும். இவ்வளவு பழைய வீட்டை வேறு எந்தப் பார்க்கும் சேர்ப்பதில்லை. சொந்தமாக நிலம் வாங்கினாலும் அதில் டிரெய்லர் நிறுத்த ஊர்ச் சட்டம் விடாது. அவள் வெளியேறினால், கடன் கட்டி முடித்த அந்த வீடு அங்கேயே நிற்கும், கம்பெனி அதை உடைத்துக் குப்பையில் போடும்.

பக்கத்து வீட்டு வெர்லின் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். முப்பது வருடம் உருளைக்கிழங்கு லாரி ஓட்டியவர்.

"உன் கதவுலயும் காதல் கடிதமா?" என்றார்.

"தகடு போடணுமாம். கடையில விலை கேட்டாலே மயக்கம் வருது. இந்த வாரம் ரெண்டு ஷிஃப்ட் வேற."

"ம். அந்த மேனேஜர் கிப் பயலுக்குத் தன் சட்டைப் பொத்தானைச் சரியாப் போடத் தெரியாது, நம்ம வீட்டை அளக்க வந்துட்டான்," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வியாழன் காலை டார்லா வேலை முடிந்து வந்தபோது வீட்டின் முன்பக்கம் முழுக்கப் புதிதாக வெள்ளைத் தகடுகள் இருந்தன. தொட்டுப் பார்த்தாள். வண்ணம் விரலில் ஒட்டியது. நேரே வெர்லின் கதவைத் தட்டினாள்.

"நீங்கதானே?"

"நானா? நான் முட்டி போட்டா, நிமித்த கிரேன் வரணும். நம்ம சபைக்காரங்க யாராச்சும் இருக்கும். போய்ப் படும்மா, முகம் செத்துக் கெடக்கு."

மறுநாள் மேலாளர் கிப் வந்தான். வழக்கம்போல வண்டியை விட்டு இறங்கவில்லை. தெருவில் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு வீட்டையும் ஜன்னல் வழியாகப் பார்த்தான். டார்லாவைப் பார்த்து, "நல்லா இருக்கே," என்று கையாட்டிவிட்டுப் போனான். அவளுக்கு மகிழக்கூடத் தெம்பில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, "ஆண்டவரே, நன்றி," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை ஜோசியின் பனிச்சறுக்குப் பலகை வெர்லின் வீட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. எடுக்கப் போன டார்லா அங்கேயே நின்றுவிட்டாள். அவர் வீட்டின் பின்பக்கம் அடியில் தகடே இல்லை. திருகு கழற்றிய ஓட்டைகள் வரிசையாக இருந்தன. வடக்கிலிருந்து வந்த காற்று நேராக உள்ளே புகுந்து தண்ணீர்க் குழாய்களின் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

தெருவிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு அது தெரியாது. அது தெரிந்தேதான் அவர் அங்கிருந்து கழற்றியிருக்கிறார்.

ஞாயிறு இரவு கடுங்குளிர் வரும் என்று வானொலி சொன்னது. குழாய் உறைந்து வெடித்தால், அதையே காரணம் காட்டி அவரையும் வெளியேற்றுவார்கள். கேட்டால் மறுபடி கிரேன் கதைதான் சொல்வார்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போக வெர்லின் தன் வண்டியில் ஜோசியை ஏற்றிக்கொண்டார்.

"நீ வரலையா?"

"முடியலை. எனக்கும் சேத்து ஜெபம் பண்ணுங்க."

"எனக்குப் பண்ணவே நேரம் பத்தாது. பாவம் நெறைய," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பார்க் மொத்தமும் ஆராதனைக்குப் போய் அமைதியானது. டார்லா ஓட்ஸ் பண்ணைக்குக் காரை ஓட்டினாள். மழையில் நனைந்து மாட்டுக்கு ஆகாமல் போன வைக்கோல் கட்டுகள் அங்கே வேலியோரம் கிடக்கும், வேண்டியவர்கள் எடுத்துப்போவார்கள். காரில் திணித்துப் பலமுறை போய் வந்தாள். பனியில் மண்டியிட்டு, வெர்லின் வீட்டின் பின்பக்கம் ஒவ்வொரு கட்டாக நெருக்கி அடுக்கினாள். இடைவெளிகளில் வைக்கோலைப் பிய்த்து அடைத்தாள். நடுவில் ஒருமுறை, கைகள் மரத்துப்போனபோது, கட்டின் மேல் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள். அது ஜெபமா தூக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசிக் கட்டை உதைத்து உள்ளே தள்ளிவிட்டு, கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். காற்று வரவில்லை. பனியில் பதிந்த தன் கால்தடங்களை விளக்குமாற்றால் கலைத்துக்கொண்டே பின்னோக்கி நடந்து தன் வீட்டுக்குப் போனாள்.