கையில்லாதவர் கிரயம்

பத்திர ஆபீஸுக்குப் போகிற அன்று காலையில் அவள் தன் புருஷனை வாளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கைகளைத் தேய்க்க ஆரம்பித்தாள். முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் செங்கல் துண்டு, கடைசியில் துணி சோப்பு. கொத்தனார் கையில் ஒட்டியிருக்கும் சிமெண்ட் அழுக்கில் சேர்த்தி இல்லை, தோலில் சேர்த்தி. அது அவளுக்குத் தெரியாததா? அவளும் அவரோடு சித்தாளாக நின்று அதே சாந்தைச் சுமந்தவள்தான். ஆனாலும் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஆபீசர் முன்னால் அந்தக் கையை நீட்டப்போகிறாரே என்று நினைத்தாலே அவளுக்குக் கூசியது.

"இந்தா, கையைத் தேய்க்கிறியா, தரைக்கு பாலீஷ் போடுறியா?"

"பேசாம இருங்க. ஆபீசர் மூஞ்சியச் சுளிச்சா யாருக்கு அசிங்கம்?"

அவர் கை முடிந்ததும் தன் கையையும் அதே மாதிரி தேய்த்துக்கொண்டாள். கிரயம் இரண்டு பேர் பெயரிலும் ஆகப்போகிறது. இரண்டு பேர் கையும் பளபளவென்று இருக்க வேண்டாமா?

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் குடியிருந்ததெல்லாம் கட்டி முடியாத வீடுகளில்தான். கட்டுகிற வீட்டிலேயே கொத்தனார் குடும்பத்தோடு தங்கிக் காவலும் பார்த்துக்கொள்வது அந்தத் தொழிலில் உள்ள வழக்கம். இவர்களுக்கு வாடகை மிச்சம், வீட்டுக்காரருக்குக் கம்பி களவு போகாது. கதவு வைக்காத வாசலில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு சமைத்தாள், பிள்ளை பெற்றாள், காய்ச்சலில் கிடந்தாள். பெயிண்ட் அடிக்க ஆள் வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வீடு வீடாக ஆகிற அன்றைக்கு இவர்கள் வெளியே. பள்ளிக்கூடத்தில் முகவரி எழுதச் சொன்னால் அவள் மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது வாங்கப்போகிற வீடு பழசு. பின்சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியிருந்தது. "எவன் கட்டினானோ, தூக்குக் குண்டே பாக்காம கட்டியிருக்கான்" என்று கொத்தனார் மூக்கால் அழுதார். அவள் சுவரைப் பார்க்கவே இல்லை. கதவு இருந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது.

வீடு வாங்க ஒரு விற்கிறவன், ஒரு வாங்குகிறவன், நடுவில் பணம், இவ்வளவு போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பத்திர எழுத்தரிடம் போனபிறகுதான் வீட்டுக்கும் வம்சம் உண்டு என்று தெரிந்தது. தாய்ப்பத்திரம் வேண்டும் என்றார். கொண்டுவந்து கொடுத்தால், அந்தத் தாய்க்குத் தாய் எங்கே என்றார். பழைய கடன் கிடன் ஒன்றும் வீட்டின் தலையில் இல்லை என்பதற்கு வில்லங்கச் சான்று. வீட்டு வரி ரசீது, தண்ணீர் வரி ரசீது. விற்கிறவரின் தாத்தா செத்ததற்கு ஒரு சான்று, அவர் செத்ததால் யார் யார் மிச்சம் என்பதற்கு ஒரு சான்று, அந்த மிச்சத்தில் ஒருவர் மறுபடியும் செத்ததற்கு இன்னொன்று.

"எங்க வம்சத்துல யாரும் இவ்வளவு ஒழுங்காச் செத்ததில்லைங்க" என்றார் கொத்தனார்.

"செத்தா மட்டும் பத்தாது கொத்தனாரே, காகிதத்துலயும் சாகணும்" என்றார் எழுத்தர்.

தாய்ப்பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துப் போடத் தெரியாத யாரோ ஒரு பெரியவர் மையில் அழுத்திய கட்டைவிரல் ரேகை இருந்தது. சுழி சுழியாக, நேற்று வைத்ததுபோல அவ்வளவு சுத்தம். எழுத்தர் அதைத் தடவிப் பார்த்து, "இதுதான் ஆதாரம்" என்றார்.

இத்தனையும் சேர்ந்து கட்டாகி, முத்திரைத்தாளில் கிரயப்பத்திரம் அச்சாகி, இன்று பதிவு. இன்று விட்டால் கிடையாது. விற்கிறவர் நாளைக்கு விமானம் ஏறி வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகிறார். பட்டுப்போன்ற மனிதர், பேச்சு மட்டும் கட் அண்ட் ரைட். "இன்னிக்கு முடிஞ்சா உங்களுக்கு. முடியலேன்னா தப்பா நினைக்காதம்மா, புரோக்கருக்கு பவர் எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவேன். அவன் கையில வேற பார்ட்டி ரெடியா இருக்கு."

சாட்சி போட அவள் தம்பி வந்திருந்தான். தெருவே அவனைத் துரை என்றுதான் கூப்பிடும். வேலை என்று ஒன்றை அவன் ஜென்மத்தில் தொட்டது கிடையாது. போன வருஷம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன அவள் சைக்கிளை விற்று, அந்தக் காசில் அவளுக்கே ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவன். இன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில், வீடு வாங்குகிறவனே அவன்தான் என்கிற தோரணையில் நின்றான்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, கொத்தனாரிடம், "கட்டைவிரலை வைங்க" என்றாள். வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அழுத்துங்க."

அழுத்தினார். சிவப்பு.

"ரொம்ப அழுத்தாதீங்க, உடைஞ்சிரும். வேற விரல்."

பத்து விரலும் ஊர்வலம் போய் வந்தது. பத்துக்கும் சிவப்பு. அடுத்து அவள் வைத்தாள். அவளுக்கும் அதே கதி. கம்ப்யூட்டர் பெண் கொத்தனாரின் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கு. கைய என்ன பண்ணீங்க?"

"வீட்டம்மா சோப்புப் போட்டா" என்றார் கொத்தனார். கொஞ்சம் யோசித்து, "செங்கல்லும் போட்டா" என்றார்.

"அய்யோ, கொத்து வேலைக்காரங்களுக்குப் பாதி ரேகையை சிமெண்டே தின்னுடும். மீதி இருந்ததை நீங்க வழிச்சு எடுத்துட்டீங்களேம்மா! ரெண்டு பேரும் ரெண்டு வாரம் எந்த வேலையும் செய்யாம சும்மா இருந்துட்டு வாங்க, தானா வந்துடும்."

சும்மா இருப்பது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. விற்கிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, துரை சும்மா விளையாட்டாகப் பெட்டியில் விரலை வைத்தான். டிங் என்றது. பச்சை. "இது ரேகை!" என்றாள் கம்ப்யூட்டர் பெண், தன்னை மறந்து.

ஆபீசர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் ஏதாவது வழி இருந்திருக்கும். அவர் விதிப் புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்.

"விரல் இல்லாதவங்களுக்கு விதி இருக்கு. விரல் இருந்து ரேகை இல்லாதவங்களுக்கு விதி இல்லையே."

"ஆதார் அட்டையில என் போட்டோ இருக்குங்களே" என்றார் கொத்தனார்.

"போட்டோ இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா நீங்கதான் நீங்கன்னு மெஷின் சொல்லணும்."

"நான் இங்கதானேங்க நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க" என்று ஆபீசர் வருத்தமாகச் சொன்னார். "அதை நான் பதிய முடியாது."

வராந்தாவுக்கு வந்ததும் எழுத்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. தம்பி ரேகைதான் தங்கமா விழுதே. இப்போதைக்குக் கிரயத்தை அவர் பேர்ல போட்டுடுவோம். அப்புறம் நிதானமா உங்க பேருக்கு மாத்திக்கலாம். வீட்டுக்குள்ளேயே இருக்கிற சொத்துதானே?"

துரை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை மாமா. உங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

கொத்தனார் ஓய்ந்துபோயிருந்தார். "போடட்டும் விடு. நம்ம பையன்தானே" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

காசு அவர்களுடையது, கடன் அவர்களுடையது, முதுகு அவர்களுடையது. கதவு மட்டும் துரையுடையது. நாளைக்கே அவன் தாழ்ப்பாளை உள்பக்கம் போட்டுக்கொண்டு, "யாரு?" என்று கேட்பான். அதைக்கூட நேற்றுப் பெய்த மழை மாதிரி மறந்துவிட்டு, மறுநாள் ஆப்பிளோடு வருவான்.

"வேண்டாம்" என்றாள்.

"அக்கா, என்னை நம்பலையா?"

"நீ என் கூடப்பிறந்தவன்டா. உன்னைப் பத்தி வேற யாரு எனக்குச் சொல்லணும்?"

"மாமா, இவ பேசுறதைக் கேட்டீங்களா? சாட்சிகூடப் போட மாட்டேன், போங்க!" துரை விறைத்துக்கொண்டு படியிறங்கினான். ஆனால் தூரமாகப் போகவில்லை, கூப்பிடுகிற தூரத்தில்தான் நின்றான்.

அவள் எழுத்தரைப் பார்த்தாள். "விரல் இல்லாதவங்களுக்கு விதி இருக்குன்னாரே. அது என்ன விதி?"

எழுத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கை முடியாதுன்னு டாக்டர் சான்று வேணும். ரேகை உள்ள ரெண்டு சாட்சி, இவர்தான் இவர்னு சத்தியம் பண்ணணும். இவருக்கு மட்டும் போதும், உங்க பேரு இவர் மனைவின்னு கூடவே ஏறிடும். டாக்டர் எதிர்லயே இருக்கார். போர்டுல பொது மருத்துவம்னு போட்டிருக்கும். பாதி வைத்தியம் இந்த ஆபீஸுக்குத்தான்."

"எனக்குக் கை இல்லைன்னு எழுதுறதா?" கொத்தனாருக்குச் சுருக்கென்றது. "இந்தக் கையில இதுவரைக்கும் எத்தனை வீடு எழுப்பியிருக்கேன், தெரியுமா?"

"அதுல ஒண்ணு நம்ம வீடாங்க?" என்றாள் அவள்.

தெருவைக் கடந்து டாக்டர் வாசலுக்கு அவரே முன்னால் நடந்தார்.

டாக்டர் இரண்டு கையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவரும் பொய் எழுதுகிறவர் இல்லை. நீண்டகாலத் தேய்மானத்தால் இரு கைகளும் அடையாளத்துக்குப் பயன்படும் நிலையில் இல்லை என்று எழுதினார். எழுத்தர் அதை வாசித்துவிட்டு, "இது பத்தாது டாக்டர்" என்றார். "கிரயத்துல போட்டோ வரும். போட்டோவுல கை தெரிஞ்சா ஆடிட்ல கேள்வி வரும். கட்டுப் போட்டுடுங்க." டாக்டர் பெருமூச்சு விட்டு, முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணியைச் சுற்றினார். சுற்றச் சுற்றக் கொத்தனார், கல்யாணத்துக்குப் பிடித்துவைத்த மாப்பிள்ளை மாதிரி முழித்தார்.

இனி சாட்சி. துரை இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டான். "வரேன். ஆனா முன்பக்க ரூம் எனக்கு."

"அதுக்குப் பேர் சாட்சி இல்லடா, வாடகை" என்றாள் அவள். எழுத்தர் கையைத் தட்ட, டீக்கடை பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அந்தத் தெருவில் சாட்சி சொல்வதே அவர்களுக்குப் பிழைப்பு. இருவர் விரலும் மெஷினுக்கு நல்ல பழக்கம், வைத்த உடனே டிங்.

"இவரை எத்தனை காலமாத் தெரியும்?" என்று ஆபீசர் கேட்டார்.

"சின்ன வயசுலேருந்து" என்றார் ஒருவர்.

"ஒரே தட்டுல சாப்பிட்டவங்க சார்" என்றார் மற்றவர், கொத்தனாரின் கட்டுப்போட்ட கையைப் பரிவோடு தடவிக்கொடுத்து.

ஆபீசர் நிம்மதியாக மூச்சுவிட்டார். விதி ஒன்று பொருந்திவிட்டால் அவர் முகத்தில் எப்போதும் அப்படி ஒரு வெளிச்சம் வரும் போலிருக்கிறது. கம்ப்யூட்டர் பெண் கேமராவைத் திருப்பினாள். "கட்டுத் தெரியணும். ரெண்டு கையையும் தூக்குங்க. இன்னும் மேல." கொத்தனார் தூக்கினார். போலீஸிடம் பிடிபட்டவன் மாதிரி இரண்டு வெள்ளைக் கைகளும் காதுக்கு மேலே நிற்க, பக்கத்தில் அவள் முக்காடு சரிய முழித்துக்கொண்டு நிற்க, அந்தக் கோலத்திலேயே படம் கிரயப்பத்திரத்தின் முதல் பக்கத்தில் ஏறிவிட்டது. விற்கிறவர் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். சாவியை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் கொத்தனாரின் கட்டுகளைப் பார்த்துத் தயங்கினார். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

படியில் வாடகைச் சாட்சிகளில் ஒருவர் கொத்தனாரை வழிமறித்து, "அண்ணே, உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?" என்றார். "அடுத்த தடவை வந்தா உதவும்." அவள் கூலியை எண்ணாமல் அவர் கையில் திணித்தாள். துரை ஓடிவந்தான். "அக்கா, அந்தக் காசை எனக்கே குடுத்திருக்கலாம்ல? நான் நிஜமாவே தெரிஞ்சவன்."

அவள் அங்கேயே நின்று, புருஷன் கையை இழுத்துப் பல்லால் முடிச்சைக் கடிக்கப் போனாள். எழுத்தர் ஜன்னலிலிருந்து அலறினார்: "இங்கே வேணாம்மா! ஆபீசர் ரூம்லேருந்து தெரியும்! முனையைத் தாண்டி அவிழுங்க!"

முனை வரைக்கும் நடந்தார்கள். பத்திரக் கட்டை அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள். கொத்தனார் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். எதிரே வந்தவர்கள், பாவம், என்ன விபத்தோ என்று வழிவிட்டார்கள்.

முனை திரும்பியதும் சுவரோடு சாய்ந்து நின்று அவிழ்த்தாள். துணி சுருள் சுருளாக விழுந்தது. கை வெளியே வந்த உடனே அவர் செய்த முதல் காரியம், மூக்கை ஆத்திரம் தீரச் சொறிந்துகொண்டதுதான்.

"போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியிருந்து அரிச்சுதுடி."

"சொல்லியிருந்தா நான் சொறிஞ்சு விட்டிருப்பேன்ல?"

"ஆபீசர் எதிர்லயா? சாவி எங்கே?"

"இருக்கு."

"குடு, ஒரு தடவை பாக்கறேன்."

"இல்லாத கையில எப்படிப் பிடிப்பீங்க?" என்றாள் அவள். பிறகு இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "வாங்க, பூட்டுல பாத்துக்கலாம்" என்று வேகமாக நடந்தாள்.