முப்பத்தொரு சுத்தமான காப்பிகள்

அந்தப் பல் கிளினிக்கில் சிஸ்டருக்குத் தெரியாமல் ஒரு துண்டுப் பஞ்சுகூட இடம் மாறாது. வாசல் பலகையில் டாக்டர் பெயர்தான் இருந்தது, முதலாளியும் அவர்தான். ஆனால் கை கழுவாமல் உள் அறைக்குள் காலெடுத்து வைத்தால் அவருக்கும் சேர்த்துத்தான் அர்ச்சனை விழும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவள் கையைத் தாண்டி ஒரு அழுக்குக் கருவி ஒருத்தர் வாய்க்குள் போனதாகச் சரித்திரம் கிடையாது. இதை அவளே வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லிக்கொள்வாள், நாம் கேட்காவிட்டாலும்.

உள் அறையில் ஆட்டோகிளேவ் என்கிற நீராவிப் பெட்டி இருந்தது. இடுக்கி, கண்ணாடி, ஊசி எல்லாவற்றையும் கழுவி, ஒவ்வொன்றையும் காகிதக் கவரில் போட்டு ஒட்டி, தேதி எழுதி உள்ளே வைப்பாள். நூற்று முப்பத்துநாலு டிகிரி நீராவியில் வெந்து வெளியே வரும்போது கவரின் மேல் இருக்கும் ரோஸ் நிறக் கோடு பழுப்பாகியிருக்கும். பழுப்பானால் சுத்தம். அதன் பிறகு கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள். அலமாரிச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பெட்டிக்குள் போகாதது எதுவும் அலமாரிக்குள் போகாது. சட்டம் போட்டவளும் அவள், போலீஸும் அவள்.

ஏழு மாதம் முன்பு வரவேற்பறைக் கம்ப்யூட்டர் திறக்கவே கால் மணி நேரம் எடுக்கிறது என்று கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டார்கள். வந்த மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். பாஸ்வேர்டு ஒரு சீட்டில் எழுதித் திரையின் நெற்றியில் ஒட்டியிருந்தது. புதுப்பிக்கவா, புதுப்பிக்கவா என்று அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது, தினமும் காலையில் 'பிறகு' என்று அமுக்கிவிட்டுத்தான் வேலையே ஆரம்பமாகும். கம்ப்யூட்டரின் பெட்டியைத் தரையில் வைத்துக் கால் வைத்துக்கொள்ளும் பலகையாக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர்காரர் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, ஒரு டப்பா நிறைய உலோக பென்டிரைவ்களை மேஜைமேல் வைத்தார்.

"வாரா வாரம் எல்லா ரெக்கார்டையும் புதுசா ஒண்ணுல காப்பி போடுங்க. பூட்டி வைக்கிற எடத்துல வைங்க. மாசத்துக்கு ஒருதரம் ஒண்ண எடுத்துத் தெறந்து பாருங்க, வேலை செய்யுதான்னு. தெரியாத மெயில மட்டும் தயவுசெஞ்சு தெறக்காதீங்க."

"பூட்டுற அலமாரி சிஸ்டர்கிட்டதான் இருக்கு" என்றார் டாக்டர். அத்தோடு அவர் மறந்துவிட்டார். சிஸ்டர் மறக்கிற ஜாதி இல்லை.

வரவேற்பில் உட்கார்ந்திருந்தவள் சிஸ்டரின் நாத்தனார், புருஷனின் தங்கை. ஒரே வீட்டில் கீழே அண்ணி, மாடியில் நாத்தனார். பத்து வருஷம் வீட்டைவிட்டு அசையாதவளை இந்த நாற்காலிக்கு இழுத்து வந்தவளே அண்ணிதான். வந்த பிறகு அவள் நடையே மாறிவிட்டது. போனில் முன்பின் தெரியாதவர்கள் "மேடம், மேடம்" என்கிறார்கள். வீட்டில் யார் அப்படிக் கூப்பிடப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை எப்போதடா முடியும் என்று காத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் பென்டிரைவில் காப்பி போட்டு உள் அறைக்குக் கொண்டுபோவாள். சிஸ்டர் இடுக்கியால் பிடித்து வாங்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, கவரில் போட்டு, தேதி எழுதி ஒட்டுவாள். அப்புறம்? அலமாரிச் சட்டம் இருக்கிறதே! நேராக நீராவிப் பெட்டிக்குள்தான். கோடு பழுப்பானதும் அலமாரியில் மேல்தட்டு. முதல் மாதம் முடிந்ததும் நாத்தனார் பயந்து பயந்து கேட்டாள்.

"அண்ணி, ஒண்ணத் தெறந்து பாக்கச் சொன்னாரே அந்த ஆளு?"

"தெறந்தா கவர் கிழியும். கிழிஞ்சா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஒனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ."

அதற்குமேல் பேச நாத்தனாருக்கு இரண்டு நாக்கா இருக்கிறது? டாக்டரும் அந்த மேல்தட்டைத் தினம் பார்த்தார். கோடு ரோஸாக இருந்திருந்தால் பதறியிருப்பார். பழுப்பாக இருந்ததால் கண்ணிலேயே படவில்லை.

விதி ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெயிலில் வந்தது. 'உங்கள் பார்சல் காத்திருக்கிறது' என்று இருந்ததாம். டாக்டர் எதுவும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பொறுமையாக இருந்திருப்பார். வாங்காத பார்சல் என்னவாக இருக்கும் என்கிற ஆவலில் நாத்தனாரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து அமுக்கினார். திரை சிவந்தது. நடுவில் ஒரு கடிதம்.

'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் கோப்புகள் அனைத்தும் பத்திரமாகப் பூட்டப்பட்டுள்ளன. சாவியின் விலை அறிய விரும்புவோர் கீழுள்ள கட்டத்தில் எழுதவும். உணவு இடைவேளை ஒன்று முதல் இரண்டு வரை.'

எக்ஸ்ரே, சிகிச்சைக் குறிப்பு, யாருக்கு எந்தப் பல்லில் பாதி வேலை பாக்கி, இன்றைக்கு யார் எதற்கு வருகிறார்கள், எல்லாம் போச்சு. நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது. டாக்டரோ கடகடவென்று சிரித்தார். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு அந்தக் கட்டத்தில் எழுதினார்: 'எங்களிடம் முப்பத்தொரு காப்பி இருக்கிறது. வேறு இடம் பார்.'

உடனே பதில் வந்தது. 'தங்கள் முன்யோசனைக்கு எங்கள் வாழ்த்துகள்.'

கம்ப்யூட்டர்காரர் இன்னொரு கம்ப்யூட்டரோடு ஓடி வந்தார். அதற்குள் ஒன்பது நோயாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரெக்கார்டு இல்லாததால் எதற்கு வந்தீர்கள் என்று அவர்களையே கேட்க வேண்டியதாயிற்று. ஒருத்தர் வாயிலிருந்தாவது உண்மை வரவேண்டுமே! பல் பிடுங்க வந்தவர் 'சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போகலாம்னு' என்றார். பாதி வேர் சிகிச்சையில் கன்னம் வீங்கி வந்தவர் 'கிளீனிங் மட்டும்தான், அவசரமில்ல' என்றார். ஒரு அம்மாள் மட்டும் வாயைத் திறந்து காட்டி, "எந்தப் பல்லுன்னு நீங்கதான சொல்லணும்? அத ஞாபகம் வெச்சுக்கறது என் வேலையா?" என்று சண்டைக்கு வந்தாள். நியாயம்தான்.

சிஸ்டர் அலமாரியைத் திறந்து முப்பத்தொரு கவர்களையும் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தாள். கல்யாணப் பெண் மாதிரி நடந்து வந்தாள் என்றே சொல்ல வேண்டும். கையுறை போட்டால்தான் தொடலாம் என்று கம்ப்யூட்டர்காரருக்கும் ஒரு ஜோடி கொடுத்தாள். அவர் கடைசிக் கவரைக் கிழித்து, பென்டிரைவைத் தான் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் குத்தினார். ஒன்றுமில்லை. அதற்கு முந்தியதைக் குத்தினார். ஒன்றுமில்லை. பத்து, பதினைந்து, இருபது. கிழிந்த கவர்கள் மேஜையெல்லாம் குவிந்தன. முப்பத்தொன்றாவதைக் குத்திவிட்டு அவர் கையுறையைக் கழற்றினார்.

"ஒண்ணுகூட உயிரோட இல்ல டாக்டர்."

டாக்டர் மெல்லக் கட்டத்தின் பக்கம் போய் எழுதினார்: 'ஐயா, காப்பி ஒன்றும் திறக்கவில்லை.'

'வருந்துகிறோம்' என்று வந்தது பதில். 'மாதம் ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டும்.'

திருடன்கூடப் புத்தி சொல்கிறான்! டாக்டருக்கு வந்த ஆத்திரத்தை யார் மேலாவது கொட்ட வேண்டாமா? பார்சலை அமுக்கிய விரல் தன்னுடையது என்பது அந்த நேரம் பார்த்து அவருக்கு மறந்துபோனது. நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"காப்பி போட்டது நீதான? ஏழு மாசமா என்னத்தப் போட்ட? வாரா வாரம் வெறும் பென்டிரைவக் குடுத்தியா?"

நாத்தனார் திடுக்கிட்டாள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒன்பது நோயாளிகளும் வலியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"நாளைலேருந்து நீ வர வேண்டாம்மா. இன்னைக்கே ஒன் சாமானெல்லாம் எடுத்துக்க."

அவள் இழுப்பறையைத் திறந்து சீப்பு, சின்னக் கண்ணாடி, தைலப்புட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட ஆரம்பித்தாள். சிஸ்டருக்கு உள்ளுக்குள் குளிர்ச்சியாகவே இருந்தது, மறைப்பானேன். அன்றைக்கே சொன்னேன், கவனமாயிரு என்று, கேட்டால்தானே? வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டிய நாலு வார்த்தையை மனதுக்குள் கோத்துக்கொண்டே காலி கவர்களைப் பொறுக்கினாள்.

அப்போதுதான் கம்ப்யூட்டர்காரர் ஒரு பென்டிரைவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்.

"சரக்கே மட்டம் போல. என்னமோ கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்த மாதிரி உள்ள எல்லாம் துருப்பிடிச்சிருக்கு."

சிஸ்டர் கையிலிருந்த கவர்கள் கீழே விழுந்தன. பழுப்புக் கோடு, பழுப்புக் கோடு, பழுப்புக் கோடு. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் எதையும் தப்பவிட்டதில்லையே.

உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டர்காரரே சரக்கு மட்டம் என்று சொல்லிவிட்டார். டாக்டர் கவரைப் பார்த்தும் சந்தேகப்படவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இருபத்திரண்டு வருஷப் பெயர் அப்படியே இருக்கும். சொன்னால் ஊர் சிரிக்கும். கம்ப்யூட்டரை வேகவைத்த சிஸ்டர் என்று ஒன்பது நோயாளிகளும் ஒன்பது தெருவில் போய்ச் சொல்வார்கள்.

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். போன் அடித்தது. போகிறவள்தானே, விட்டுத் தொலைக்கலாம். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். "சொல்லுங்க, ஆமா, மேடம்தான் பேசறேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் சிஸ்டர் கதவைத் திறந்தாள்.

வெளியே வந்தாள். எல்லார் முன்னாலும் நின்றாள்.

"டாக்டர், அவ ஒழுங்காத்தான் காப்பி போட்டா. நான்தான் வேகவெச்சுட்டேன்."

"எத?"

"முப்பத்தொண்ணையும். நூத்தி முப்பத்துநாலு டிகிரில. அலமாரில வைக்கணும்னா பெட்டிக்குள்ள போயாகணும்ல?"

டாக்டர் கீழே கிடந்த கவரை எடுத்தார். ஏழு மாதமாகத் தினம் பார்த்த பழுப்புக் கோட்டை முதல்முறையாகப் பார்த்தார். கன்னம் வீங்கியவர்தான் முதலில் சிரித்தார், சிரித்ததில் வலி எடுத்து ஐயோ என்றார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டர் அசையாமல் நின்றாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சிரிக்காத ஆள் நாத்தனார் ஒருத்திதான். பையின் வாயை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப… அந்தப் பெட்டிக்குள்ள போகாதது நல்லாருக்குமா?"

"போகாதது ஏது?" என்றாள் சிஸ்டர்.

நாத்தனார் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். சாவிக்கொத்து, கசங்கிய பஸ் டிக்கெட், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். அதற்கும் அடியிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள். அதன் வாயெல்லாம் பிஸ்கட் தூள்.

"ஏழு வாரம் முன்னாடி அவசரமாக் கெளம்பினதுல இது என்கூடவே வீட்டுக்கு வந்துடுச்சு அண்ணி. ஊர் சுத்தின சாமானத் திருப்பிக் கொண்டாந்தா நீங்க சும்மா விடுவீங்களா? அதான் அந்த வாரம் வெறும் பென்டிரைவக் குடுத்துட்டேன். டாக்டர் கேட்டதும் அது தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். எல்லாம் செத்துக்கெடக்கே, இது மட்டும் என்ன பொழச்சிருக்கப் போகுதுன்னும் நெனச்சேன்."

"அடிப் பாவி! வேலையவிட்டே போகச் சொல்லிட்டாரு. அப்பவாவது வாயத் தெறந்து, ஒரு வாரம்தான், மத்ததெல்லாம் சரியாக் குடுத்தேன்னு சொல்லக்கூடாதா?"

நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"டாக்டர் வேலையவிட்டு மட்டும்தான அனுப்புவாரு. நீங்க வீட்லயும் இருப்பீங்களே அண்ணி."

வீட்டுக்குப் போனதும் சொல்வதற்குச் சிஸ்டர் கோத்துவைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போயின என்றே தெரியவில்லை. இத்தனை பேர் சிரித்தபோது தாங்கிக்கொண்டவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. கண்ணில் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

கம்ப்யூட்டர்காரர் கையை நீட்டினார். நாத்தனார் அண்ணியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, பழக்கத்தில் பென்டிரைவைத் துடைக்க மேஜையிலிருந்த ஸ்பிரிட் பஞ்சை எடுத்தாள். சிஸ்டர் அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். வெறும் கை, கையுறைகூட இல்லை.

"துடைக்காத. அப்படியே குடு."