ஆக்சிலில் ஒரு நெயில் பாலிஷ் கோடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் அக்கா ரோவீனா போனில் கேட்டதால் எழுதுவது. எங்கள் இண்டியானா ஊர்ப்பக்கம் இருக்கும் மில்ஸ்ஃபோர்க் கார் பந்தயப் பாதைக்கு இந்த ஆகஸ்டில் அறுபது வயது. விழா மலர் போடுகிறார்கள். ஆசிரியர் அக்காதான்.

"வெண்டல், எழுபத்தொம்பது ஃபைனலப் பத்தி மூணு பக்கம் குடு. நான் ஆக்சில ஒடச்ச கதை. நடந்தத நடந்தபடி எழுது. எனக்காகப் பூசி மெழுகாத."

"சரிக்கா" என்றேன். அதற்கப்புறம் பதினோரு நாளாக ஒரு பக்கம் நகரவில்லை.

2

"அன்று வெயில் கொளுத்திக்கொண்டு—"

[வேண்டாம். பந்தயக் கதை எல்லாமே வெயிலில்தான் தொடங்குகிறது.]

"எண்ணூறு குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின், கால் மைலை—"

[இது விளம்பரம்.]

எஞ்சினைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எஞ்சினின் பலம் தரைக்குப் போய்ச் சேர வேண்டுமே, அந்த வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிளட்ச், கியர்பாக்ஸ், நீளத் தண்டு, கிரவுன் பல்சக்கரம், கடைசியில் பின்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில். என் மச்சான் டெல்மர், அக்காவின் கணவர், இதை ஒரே வரியில் சொல்வார்: "மாப்ளே, ஒடையறது நிக்காது. வீடு மாத்திக்கிட்டே இருக்கும்." கியர்பாக்ஸை வலுவாக்கினால் தண்டு போகும். தண்டை மாற்றினால் கிரவுனின் பல் போகும். அந்த வருடம் கிரவுன் வரைக்கும் எல்லாவற்றையும் பலப்படுத்தியிருந்தோம். அடுத்து எது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

(இந்தக் கதையும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒரு பத்தியைச் சரிசெய்தால் அடுத்தது விரிசல் விடுகிறது.)

3

எங்கள் கார் இரண்டு கதவுள்ள பழைய குடும்பக் கார். வார நாளில் மச்சான் அதன் வயிற்றுக்குள் கிடப்பார், ஞாயிறன்று அக்கா ஓட்டுவாள். அக்கா ஏன் ஓட்டினாள் என்றால், மச்சானுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம். தொடக்கக் கோட்டு விளக்குகளை நம்பி அவரை உட்கார வைக்க முடியாது.*

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கின்றன. தகர டப்பாவில் கடுகு போட்ட அவித்த முட்டை, ஜாடியில் சர்க்கரைத் தேநீர், எரிந்த ரப்பர் நாற்றம். அக்கா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்துக் கொட்டகை ஆர்லோ சீண்டாமல் போக மாட்டார்.

"என்ன ரோவீனா, கால்ல செங்கல்லு கட்டிக்கிட்டா கிளட்ச விடற?"

"ரெண்டு கட்டியிருக்கேன் ஆர்லோ. ஒண்ண உன் வாய்ல வெக்கவா?"

அந்த நாட்கள் திரும்பி வருமென்றால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். அவை நின்றுபோனதற்குக் காரணம் யார் என்பதுதான் நான் எழுத வேண்டிய மூன்று பக்கம்.

* அவர் விளக்கின் இடத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்பது வேறு விஷயம். அக்கா ஓட்டுவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

4

புது ஆக்சில் வந்தால் மச்சான் அக்காவின் நெயில் பாலிஷை எடுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கோடு இழுப்பார். கறுஞ்சிவப்பு. பந்தயத்தின் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆக்சிலை உருவிப் பார்ப்போம். கோடு நேராக இருந்தால் உள்ளே போகும். கோடு கொடிபோலச் சுற்ற ஆரம்பித்திருந்தால் இரும்பு முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். தூக்கி எறிய வேண்டும். பழைய ஆக்சிலின்மேல் புதுக் கோடு போடக்கூடாது. எங்கள் கொட்டகையில் இருந்த ஒரே சட்டம் அது.

5

முதல் வரைவு: "அரையிறுதியில் அக்கா ஜெயித்தாள். ஆக்சிலை உருவிப் பார்த்தேன். கோடு எண்ணெயில் அழிந்திருந்தது. அதனால் மறுபடி போட்டேன்."

இரண்டாம் வரைவு: "கோடு கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது. மச்சான் போடும்போதே கை நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்."

[மச்சானுக்குக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை.]

மூன்றாவது. கோடு அரைக்கால் சுற்று திரும்பியிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. மாற்று ஆக்சில் வியாழக்கிழமைதான் வரும். மச்சான் பார்த்தால் காரை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். அக்காவுக்கு அது முதல் ஃபைனல். அவள் ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும் என்று நான் பேராசைப்பட்டேன். எனக்கு இருபத்தேழு வயது, விவரம் தெரியாதவன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. பெட்ரோல் துணியால் கோட்டைத் துடைத்தேன். அக்காவின் கைப்பையில் அன்று காலை வாங்கிய பாலிஷ் பாட்டில் இருந்தது. நேராக, அழகாக ஒரு கோடு இழுத்தேன். ஒரு நிமிடத்தில் காய்ந்துவிட்டது.

"எப்படிடா இருக்கு?" என்றார் மச்சான்.

"நேரா இருக்கு மச்சான்."

குனிந்து பார்த்தார். தலையாட்டினார்.

6

பச்சை விழுந்தது. அக்கா கிளட்சை விட்டாள். ஆக்சில் முறிந்து, கார் தடுப்பில் போய் இடித்தது. அக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. அது ஆறு வாரத்தில் சேர்ந்துவிட்டது.

மச்சான் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னார்: "ஆக்சில் நல்லாத்தான்பா இருந்துச்சு. கோடு நேரா இருக்கு பாருங்க."

தோளில் கட்டோடு நின்ற அக்கா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப கிளட்ச விட்ட என் கால்தான் ஒடச்சிருக்கு."

கோட்டை மாற்றிப் போட்டது நான் என்று சொல்லாமல் விட்டேன். அவள் அதற்குப் பிறகு ஓட்டவே இல்லை. அடுத்த வசந்தத்தில் காரை விற்றுவிட்டார்கள். மச்சான் அந்தத் துண்டை கராஜ் சுவரில் மாட்டினார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. துண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

7

முடிவு ஒன்று: மலரில் "முரட்டுக்கால் ரோவீனா" என்று அச்சாகிறது. விழாவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அக்காவும் சிரிக்கிறாள்.

முடிவு இரண்டு: நான் நேரில் போய்ச் சொல்கிறேன். அவள்—

[இதை நான்கு முறை எழுதினேன். நான்கிலும் மன்னித்துவிடுகிறாள். என் கையால் எழுதினால் அப்படித்தான் வரும். நேர்க்கோடு இழுப்பதில் நான் கெட்டிக்காரன்.]

8

ஆகவே முடிவை வாசகரிடமே விடுகிறேன். அச்சுக்கு முன்னால் படிக்கிற முதல் வாசகர் மலரின் ஆசிரியர்.

அக்கா, நிறம் பிரித்தறியாத மச்சானுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அவர் போட்ட கோடு கறுஞ்சிவப்பு. சுவரில் இருக்கும் துண்டில் உள்ளது ரோஸ். அன்று காலை நீ வாங்கிய ரோஸ். நாற்பத்தைந்து வருடமாக அதைத் தாண்டித்தான் கராஜுக்குள் போய் வருகிறாய். உனக்கு ஒருநாள்கூடத் தெரியவில்லையா? தெரிந்துதான் பூசி மெழுகாதே என்றாயா?

கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். உன் பென்சிலால் எழுது. நீ எழுதியதுதான் அச்சாகும். இந்தத் தடவை அதன்மேல் நான் எதையும் பூச மாட்டேன்.