மூன்றாம் நாள் வைத்த பேர்

சபுரா பேசினால் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது என்பார்கள். அன்று மதியம் கோட்டைமேட்டில் அந்தத் தெருவே கேட்டது.

"ஏழாம் நாள் வரைக்கும் நான் பொறுக்க மாட்டேன். இன்னிக்கே எம்பையனுக்குப் பேரு வெக்கோணும்!"

சாக்குக் கடையைப் பூட்டிவிட்டுச் சோற்றுக்கு வந்திருந்த அவள் புருஷன் அப்துல் வஹீது, கையலம்பிய ஈரத்தோடு அப்படியே நின்றார். பிள்ளை பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மலைமேல் பைக்காரா அருவியிலிருந்து கரண்டு வந்து ஊரெல்லாம் மில்லு முளைத்த காலம். ஆனால் பேர் வைக்கிற விஷயத்தில் அந்த வீட்டில் பழைய சட்டம்தான். பிறந்ததும் காதில் பாங்கு சொல்வார்கள். ஏழாம் நாள் முடியிறக்கி, ஆடறுத்து, அதற்குப் பிறகுதான் பேர். சபுராவுக்கு இவனுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் அந்த ஏழாம் நாளைப் பார்க்கவில்லை. பேரில்லாமல் வந்து பேரில்லாமலே மண்ணுக்குள் போயின. இவனும் காலையிலிருந்து பால் குடிக்க மறுத்துக்கொண்டிருந்தான்.

நாத்தனார் ஹபீபுன்னிசா ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவர். தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லாமல் விடுவாரா? "அவசரப்படாத அம்மணி. தங்காத புள்ளைக்குக் குப்பைன்னு பேரு வெச்சாத் தங்கும்ங்கறாங்க. ஏழாம் நாள் குப்பைமேட்டுல ஒரு பொரட்டுப் பொரட்டி எடுத்து, அப்படியே கூப்பிட்டுப்போடலாம்."

"எம்பையன் குப்பை இல்லீங்க மதினி. அவன் பேரு யஹ்யா."

அந்தப் பேர் அவளுக்குத் திடீரென்று தோன்றியதல்ல. திருமறையில் சூலிப் பெண்கள் ஓதுகிற அத்தியாயத்தை மாதக்கணக்காக ஓதினாளே, அதில் வருகிற பேர். தலை நரைத்து எலும்பு தளர்ந்த ஜக்கரிய்யா நபி பிள்ளை கேட்கிறார். மனைவிக்கோ பிள்ளைப்பேறே இல்லை. அவர்களுக்குப் பிறக்கப்போகிற மகனுக்கு இறைவனே சூட்டிய பேர், அதற்குமுன் யாருக்கும் இல்லாத பேர். 'உயிரோடிருக்கிறான்' என்று அரபியில் அர்த்தம் என ஓதிக்கொடுத்த அம்மாள் சொன்ன அன்றே சபுரா முடிவுகட்டிவிட்டாள்.

ஹபீபுன்னிசாவும் ஓதினவர்தான். "அந்த யஹ்யா நபியை என்ன பண்ணுனாங்கன்னு தெரியுமா? வெட்டிக் கொன்னுபோட்டாங்க. உசுரோட இருக்கறான்னு பேரு வெச்சு என்னாச்சு?"

சபுராவுக்கு அது தெரியாததல்ல. அதை நினைத்து அழுதும் இருக்கிறாள்.

"தெரியுமுங்க. சாகாம இருக்கறதுக்கு நான் பேரு கேக்கலை. அது அல்லாவோட இஷ்டம். இருக்கறப்போ, இருக்கறான்னு சொல்லிக் கூப்பிடோணும். என்ர புள்ளைய இன்னொருக்கா 'அது'ன்னு சொல்லித் தூக்கிட்டுப் போக விடமாட்டேன்."

வஹீது அப்போதுதான் வாயைத் திறந்தார். "பேரு வெச்சுப் பறிகுடுத்தா தாங்க முடியாது சபுரா."

"வெக்காமத்தானே பறிகுடுத்தோம். தாங்க முடிஞ்சுதுங்களா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூத்தவனுக்கு மனசுக்குள்ள ஒரு பேரு வெச்சிருந்தேன். இன்னிக்கும் அந்தப் பேருக்காரர் யாராச்சும் கடைக்கு வந்தா, சாக்கு எடுக்கறாப்பல உள்ள போயிருவேன்."

இத்தனை வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய மனுஷன் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சபுராவுக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக அழுகை வந்தது. "என்ன பேருங்க?"

"தாவூது."

அவள் பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். ஹபீபுன்னிசா தடுக்கவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். வஹீது குனிந்து, வலது காதில் யஹ்யா என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம்தான் குரல் உடையாமல் வந்தது.

சபுரா மகனை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"யஹ்யா, கண்ணு," என்றாள். "உங்கண்ணன் பேரு தாவூது."