மணிக்கு முப்பத்திரண்டு

டைம் ஸ்டடி எடுக்க வருகிறார்கள் என்று இரண்டு நாள் முன்பே தெரிந்துவிட்டது. மத்திகிரியில் கம்பெனி பஸ் கிளம்பியதும் பவளம் அக்கா கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு இருக்கையாக வந்து சொன்னார்.

"நாளன்னிக்கு ஸ்டாப்வாட்ச்சோட பக்கத்துல நிப்பானுங்க. டேப்பை நிதானமா சுத்துங்க. ஒருத்தி ஓடுனா அப்புறம் ஒம்பது பேரும் ஓடணும், ஆமா."

"தூங்கிட்டே சுத்தலாமாக்கா?" என்றாள் பூங்கொடி.

"நீ எப்பவும் அப்படித்தானடி சுத்துற."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எங்கள் லைனில் ஒன்பது பெண்கள். ஸ்கூட்டருக்கான ஒயர் கட்டு செய்கிறோம். பலகையில் அடித்த ஆணிகளுக்கிடையே ஒயர்களை ஓடவிட்டு, கிளிப் மாட்டி, கறுப்பு டேப் சுற்றினால் ஒரு கட்டு. மணிக்கு இருபத்திநான்கு. எல்லோரும் கான்ட்ராக்ட். சங்கம் கிடையாது. கடிகாரம் வைத்து அளந்து, மணிக்கு எத்தனை கட்டு என்று கம்பெனி முடிவு செய்யும் அந்த ஒரு நாளில் மட்டும், எங்கள் கை எங்கள் பேச்சைக் கேட்டது.

எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மானாமதுரையிலிருந்து இங்கே வந்தபோது என்னிடம் இருந்ததெல்லாம் கைவேகம்தான். பலகையில் நிறம் நிறமாக ஒயர்கள் ஓடிவந்து ஒரே கட்டாகச் சேரும்போது, எங்கோ வெகுதூரத்து ஆறுகள் என் விரலடியில் வந்து கூடுவதுபோல் இருக்கும். அதை வேண்டுமென்றே தடுமாறிச் செய்வதா? அதோடு அந்த மாதம் நிரந்தரப் பட்டியல் வரவிருந்தது. சூப்பர்வைசர் மாதேஷ் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்: "நீ யாருகிட்டயும் போய் கேக்க வேணாம்மா. உன் வேலையே பேசும்."

டைம் ஸ்டடி நாளில், முதல் இரண்டு கட்டுகளை மெதுவாகத்தான் செய்தேன். கடிகாரத்தோடு நின்ற இன்ஜினியர் கொட்டாவி விட்டார். "இவங்களும் இவ்ளோதானா, மாதேஷ்?"

மாதேஷ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. மூன்றாவது கட்டை எடுத்தேன். கை பறந்தது.

"நூத்திப்பத்து செகண்ட்," என்றார் இன்ஜினியர். "இன்னொண்ணு போடும்மா."

போட்டேன். சந்தோஷமாக இருந்தது. எதிர்ப் பலகையில் பவளம் அக்காவின் கை ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

அடுத்த வாரம் லைன் போர்டில் முப்பத்திரண்டு என்று எழுதினார்கள். நிரந்தரப் பட்டியலும் வந்தது. என் பெயர் இல்லை. மாதேஷிடம் கேட்டேன்.

"டார்கெட்டே முப்பத்திரண்டுதானம்மா. டார்கெட்டை முடிக்கிறது ஸ்பெஷல் கிடையாதே."

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் முப்பத்தைந்துக்குப் போனேன். மணிக்கட்டு வீங்கியது. டேப்பையே அதன்மேல் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். மற்றவர்கள் பாத்ரூம் போகாமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். பவளம் அக்காவால் மட்டும் இருபத்தேழைத் தாண்ட முடியவில்லை. நாற்பத்தாறு வயது அவருக்கு. மூன்று வாரம் பார்த்தார்கள். பிறகு, முப்பத்திரண்டு வராதவர்கள் திங்கள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாப்பாட்டு மேஜையில் என்னோடு யாரும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை பூங்கொடி மட்டும் வந்து நின்றாள்.

"எல்லாரும் ஹெச்.ஆர். ரூமுக்குப் போறோம். நீயும் வா. அன்னிக்கு ஏதோ வேகத்துல பண்ணிட்டேன், தினமும் அப்படி முடியாதுன்னு சொல்லு. நீ சொன்னாத்தான் எடுபடும். அக்கா வேலை அதுலதான் இருக்கு."

போனோம். ஒன்பது பேருக்கு இரண்டு நாற்காலி; ஒருவரும் உட்காரவில்லை. ஹெச்.ஆர். மோகன்குமார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நான் சொன்னேன்: "முப்பத்திரண்டு தினமும் முடியாது சார். யாராலயும் முடியாது."

அவர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். என் பெயருக்கு நேரே மூன்று வாரக் கணக்கு. முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தாறு.

"இது நீங்கதானே லாவண்யா?"

எட்டுப் பேரும் திரையைப் பார்த்தார்கள். நான் மணிக்கட்டில் சுற்றியிருந்ததைப் பிரித்து வீக்கத்தைக் காட்டினேன்.

"பாருங்க," என்று அவர் மற்றவர்களிடம் திரும்பினார். "இவ்ளோ வலியோட முப்பத்தைஞ்சு பண்றாங்க. உங்களுக்கு வலிகூட இல்லையே."

வெளியே வந்ததும் பவளம் அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். கோபம் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஒரு நாளாச்சும் தலைவலின்னு சொல்லிட்டு இருபத்தெட்டு போட்டிருக்கக் கூடாதாடி?"

"தோணலக்கா," என்றேன். அது உண்மை.

திங்களன்று அவர் பலகையில் ஒரு புது ஆள் நின்றார். ராயக்கோட்டை சாந்தம்மா, தக்காளி மண்டியில் பல வருஷம் தரம் பிரித்தவராம். பத்து மணிக்குள் வேலை பிடிபட்டுவிட்டது. அழகான கை. ஒயர்கள் அவர் விரலுக்குத் தாமாக வந்து சேர்ந்தன. சற்றுத் தள்ளி மாதேஷ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா இங்க இப்படி பயமுறுத்துறாங்க?" என்றார் சாந்தம்மா. "ஒரு வாரம் போகட்டும். நாப்பது போட்டுக் காட்டுறேன் பாரு."

நான் குனிந்து, உதடு அசையாமல் சொன்னேன்: "மெதுவாப் பண்ணுங்கக்கா. தயவுபண்ணி மெதுவா."

அவர் என் மணிக்கட்டையும் முகத்தையும் பார்த்தார். பிறகு, மாதேஷுக்கும் கேட்கும்படி சிரித்தார்.

"ஏம்மா, நான் உன்னை முந்திடுவேன்னு பயமா?"